இணைப்பு எண் 214

சின்னப்பாலத்தில் எனக்கு எழுபத்தொரு இணைப்பு.
எச்.டி. கேட்டவர்கள் மூன்றே பேர்.
ஐஸ் கம்பெனிக்காரர் கேட்டதோடு சரி,
பணம் இன்னும் வரவில்லை.
அடுத்து சேசையா.
மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூன்று ஒயர் செருகுகிற
டூம் டிவியில் அது வராது என்றேன்.
நான் ஆளைப் பார்த்துப் பேசிக்கொள்கிறேன் என்றார்.
மூன்றாவது பஞ்சவர்ணம்.

குழுக் கடனில் வாங்கிய முப்பத்திரண்டு இஞ்ச்.
அவள் புகார் இது:
"எல்லாரும் வீங்கிப்போய்த் தெரியுறாக தம்பி.
செய்தி வாசிக்கிற பிள்ளைக்குக்
கன்னத்துல பொன்னுக்குவீங்கி.
நாலு நாளாப் பாக்குறேன், வத்தலை."

இந்தக் கரையில் கேபிள் தொழில்
பாதி உப்போடு நடத்துகிற வழக்கு.
சோழகம் அடிக்கிற மாதங்களில்
கம்பத்துக் கனெக்டர் பச்சை பூத்துவிடும்.
சுரண்டி, நுனி வெட்டி, மறுபடி முறுக்கி
ஏணியை விட்டு இறங்குமுன்
அடுத்த தெருவில் ஒன்று போகும்.
சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும்
எச்.டி. சதுரம் சதுரமாக உடைந்து
வாய் திறந்தபடி நின்றுவிடும்.
அதனால் அவள் வீட்டுக்கு மட்டும்
புது ஒயர் இழுத்தேன்,
ஒட்டில்லாமல் நாற்பது மீட்டர்,
காயப்போட்ட பாசிக்கு மேலாக.
"மிதிச்சிராத" என்று உள்ளேயிருந்து சத்தம்.

பெட்டி மாற்றி, எண் சொல்லி,
பதினைந்து நிமிடம் ஆகும் என்று உட்கார்ந்தோம்.
விரல்களில் சுற்றியிருந்த துணியை
ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
கடைசி விரலுக்கு வருமுன்
திரையில் கடல் திறந்தது.

எந்த நாட்டுக் கடலோ.
மீன்களைப் பற்றி ஒருவர்
தலைவலிக்காரரிடம் பேசுவதுபோலத்
தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.
அவள் மீனைப் பார்க்கவில்லை.
எழுந்து போய்த் திரையின் இடது மூலையில்
துணி அவிழ்க்காத விரலை வைத்தாள்.
"இது மரிக்கொழுந்து.
இந்தா, கீழ கட்டக்கோரை.
இம்புட்டுக் கிடக்கு,
ஒருத்தியும் கை வைக்கலையே."

பிறகு பேச்சில்லை.
கேமரா பாறையிடுக்கில் இறங்கி
இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.
நான் சிக்னல் அளவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்
பஞ்சவர்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
கழுத்து நரம்பு புடைக்கிறது.
சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள்
புஸ்ஸென்று விட்டாள்.
கேமரா மேலே வரவில்லை.
"யாரு இவன், ஏறவே மாட்டேங்கான்?"

முதுகில் சிலிண்டர் கட்டியிருப்பார்கள் என்றேன்.
"கட்டுவான், கட்டுவான்" என்றாள்.
மூலையில் அவளுடைய அலுமினியத் தட்டுகள்,
காலில் கட்டுகிற ரப்பர் வாரோடு,
சுவரில் சாய்ந்திருந்தன.

மறுமாதம் வசூலுக்குப் போனால்
எச்.டி.யை வெட்டிவிடச் சொன்னாள்.
விலகுகிறவர்களிடம் காரணம் கேட்கச் சொல்லி
கம்பெனி ஒரு பாரம் கொடுத்திருக்கிறது.
விலையா, சேவையா, படத்தின் தரமா.
கேட்டேன்.

"படத்துக்கு ஒரு குறையும் இல்லை.
செய்திப் பிள்ளைக்கும் வீக்கம் வத்திருச்சு.
கடலுக்குள்ள போற மாசம் எனக்கு எதுக்கு இது,
மேக்கொண்டு எண்பத்தஞ்சு ரூவா குடுத்து?
போகக் கூடாதுன்னு
கரையில உக்கார வைப்பாகல்ல,
அந்த மாசம் மட்டும் போடு."

பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதில் டிக் அடித்தேன்.
எழுபத்தொன்றில் ஒருத்திக்கு மட்டும்
காலண்டரில் இரண்டு மாதம் வட்டம் போட்டு
ரசீதுப் புத்தகத்தில் செருகியிருக்கிறேன்.

புது ஒயரைக் கழற்றவில்லை.
கம்பத்தில் ஏறிக்
கனெக்டருக்குக் கிரீஸ் தடவிவிட்டு இறங்கினால்
கீழே சேசையா.
ஆளைப் பார்த்துப் பேசிவிட்டேன்,
இந்த வாரம் வந்துவிடும் என்றார்.